பச்சையப்ப முதலியாரும் அவர் பெயர் விளங்கும் வித்தியாசாலையும்

பொருள் ஈட்டுவோர் உலகிற் பலர். ஈட்டிய பொருளைத் தருமத்திற்கு ஈந்து செல்வோர் சிலர். ஈந்த பொருள் தாம் கருதிய எல்லையையுங் கடந்து, தலைமுறை தலைமுறையாகப் பயன் விளைத்து நிற்கும் பேறு பெற்றோர் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் ஒருவர், சென்னை நகரில் துபாஷித் தொழில் புரிந்து, 1794-ஆம் ஆண்டில் திருவையாற்றிற் சிவபதம் அடைந்த பச்சையப்ப முதலியார் ஆவர்.

நம் சங்கத்தாருடைய இல்லங்களில் அவர் பெயரைக் கேளாத சிறுவரும் இரார். ஆயினும், அவரைப் பற்றி நம்மிற் பெரும்பாலோர் கொண்டிருக்கும் எண்ணம் ஒன்று திருத்தத்தக்கது. பச்சையப்பர் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தை நிறுவினார் என்றே பலரும் கருதுகின்றனர். அஃது அவ்வாறன்று. இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் வித்தியாசாலையை அவர் கண்ணாற் கண்டதுமில்லை. அதனைக் கருதி அவர் பொருள் வைத்ததுமில்லை. அவர் கண்மூடி ஏறத்தாழ 48 ஆண்டுகள் கழிந்த பின்னரே அது தோன்றிற்று. ஆலயங்கட்கென்று வைத்த பொருள் ஆயிரக்கணக்கான மாணவர்க்குக் கல்வியாக மாறிய வரலாறு, தருமம் செய்ய விரும்பும் எவரும் ஊன்றி ஓர்தற்குரியது. பொது நிதி ஒன்றைக் காத்து வரும் நம்மைப் போன்ற சங்கத்தார்க்கோ அது கண்ணாடி போன்றது. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டு ஒருவாறு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

தொண்டைநாட்டிலே, சென்னைக்கு வடமேற்கில் உள்ளது பெரியபாளையம் என்னும் ஊர். அங்கே 1754-ஆம் ஆண்டிற் பச்சையப்பர் பிறந்தார். தந்தையார் விசுவநாத முதலியார், தாயார் பூச்சியம்மாள். மகன் முகத்தைக் காணும் பேறு தந்தையார்க்குக் கிட்டவில்லை. பிள்ளை கருவில் இருக்கும்போதே அவர் இறந்துபட்டார். பெண்மக்களையும் வயிற்றுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு துணையிழந்து நின்ற அவ்வம்மையார்க்கு அவ்வூரில் இருந்த ரெட்டி ராயர் என்னும் கனவான் ஆதரவளித்தார். அவ்வாதரவின் நிழலிலேயே குழந்தை வளர்ந்தது. சில ஆண்டுகளில் அந்நிழலும் மறைந்தது. ராயர் காலஞ்சென்றமையால், பூச்சியம்மாள் தம் மக்களை அழைத்துக்கொண்டு சென்னை வந்து சேர்ந்தார்.

அக்காலத்துச் சென்னை இன்றைய சென்னையன்று. கோட்டைக்குள் ஆங்கிலேயரும், கோட்டைக்கு வடக்கே கறுப்பர் பட்டணம் என்று அவர்கள் வழங்கிய பகுதியில் நம் நாட்டு வணிகரும் தொழிலாளரும் வாழ்ந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியார் பிரெஞ்சுக்காரரோடும் பின்னர் ஐதரலியோடும் பொருது, மெல்ல மெல்ல இந்நாட்டின் அதிகாரத்தைக் கைப்பற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஊரறியாக் கைம்பெண் ஒருத்தி சிறு மக்களோடு அந்நகரிற் புகுந்தால் அவள் நிலை என்னாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. நல்வினைப் பயனாக, அவர்கட்குப் பௌனி நாராயண பிள்ளை என்பவருடைய ஆதரவு கிடைத்தது. பௌனி என்னும் ஆங்கில வணிகர்க்குத் துபாஷியாக இருந்தமையால் அவர்க்கு அவ்வடைமொழி வாய்த்தது. அவர் பச்சையப்பரைத் தம் பிள்ளையைப் போலப் பாவித்து, ஆங்கிலமும் கணக்கும் கற்பித்து, வாணிகத் துறையிற் பழக்குவித்தார்.

தந்தை முகமறியாத பிள்ளை ஒன்று, பிறருடைய பொருளாலும் பிறருடைய அன்பினாலுமே கல்வி பெற்றது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க. பிற்காலத்தில் அவர் பொருள் எவர்க்குப் பயன்பட்டது என்பதைக் காணும்போது, இச்செய்தி தனிச் சுவை பயப்பதாகும்.

துபாஷித் தொழில்

துபாஷி என்பது இருமொழி வல்லார் எனப் பொருள்படுஞ் சொல். ஆங்கில வணிகர்க்கு இந்நாட்டு மொழியும் வழக்கமுந் தெரியா. இந்நாட்டார்க்கு ஆங்கிலேயர் மொழி தெரியாது. இவ்விருவர்க்கும் இடைநின்று பேசுவதே துபாஷியின் தொழில் என்று பலர் எண்ணுவர். மொழிபெயர்த்தல் அதில் ஒரு சிறு பகுதியேயாம். துரைமக்கட்குச் சரக்குக் கொள்முதல் செய்து கொடுத்தல், கடன் வாங்கித் தருதல், வேண்டும்போது தாமே கடன் கொடுத்தல், ஆள் அமர்த்துதல், கணக்கு வைத்தல் ஆகிய யாவும் துபாஷியின் கையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் தரகும் வட்டியும் உண்டு. ஆதலின், நாவன்மையும் கணக்கறிவும் வாக்குத் தவறாமையும் உடைய ஒருவர் இத்தொழிலிற் சில ஆண்டுகளிலேயே பெருஞ்செல்வராதல் கூடும். அவை இல்லாதவர் அத்துணை விரைவிலேயே அழிதலுங் கூடும்.

பச்சையப்பர் தமது 16-ஆம் வயதளவிலேயே இத்தொழிலில் இறங்கினார். மெல்ல மெல்லப் பெயரும் பொருளும் பெருகின. பின்னர், தஞ்சாவூர் அரண்மனையில் ஆங்கிலேயர் சார்பில் ரெசிடெண்டாக அமர்ந்திருந்த சல்லிவன் துரைக்கு அவர் துபாஷியானார். அதுமுதல் அவருடைய வாழ்வு சென்னைக்கும் தஞ்சைக்கும் இடையே நடைபெறுவதாயிற்று. தஞ்சை மன்னர் கம்பெனியாரின் பிடியில் இருந்த காலமாதலின், அரசுக்கும் கம்பெனிக்கும் இடையே நடந்த கொடுக்கல் வாங்கல்களிற் பெருந்தொகைகள் கைமாறின. பச்சையப்பர் பெருஞ்செல்வராயினார்.

இவ்விடத்து ஒன்று சொல்லாது விடுதல் நேர்மையாகாது. கம்பெனி ஆட்சியின் தொடக்க காலத்தில் துபாஷிகள் ஈட்டிய செல்வம் முழுவதும் குற்றமற்ற வழியில் வந்தது என்று எவரும் கூறத் துணியார். வரிப்பளுவாலும் கடன் வட்டியாலும் குடிகள் நைந்த காலம் அது. அக்காலத்தில் அத்தொழிலில் நின்ற ஒருவர் அக்காலத்தின் நிழல் தம்மேற் படாது வாழ்ந்திருத்தல் அரிது. பெரியோரின் சரித்திரத்தை எழுதும்போது அவரைத் தெய்வமாக்கி விடுதல் நமக்கு வழக்கமாகிவிட்டது. அதனால் அவர்க்குப் பெருமை கூடுவதுமில்லை; நமக்கு அறிவு விளைவதுமில்லை. பச்சையப்பரின் பெருமை, அவர் பொருள் வந்த வழியில் அன்று. அது சென்ற வழியிலேயே உள்ளது.

சிவபத்தியும் இல்வாழ்வும்

செல்வம் பெருகியபோதும் அவர் சமய ஒழுக்கத்தில் தளர்ந்திலர். சென்னையில் இருக்குங்கால், கூவம் ஆற்றின் கரையில் உள்ள கோமளேசுவரன்பேட்டையில் வாழ்ந்து, அவ்வாற்றில் நீராடி, கோமளேசுவரரை வழிபட்டு வந்தனர் என்பர். இன்று கூவத்தின் பெயரைக் கேட்ட அளவில் மூக்கைப் பொத்திக்கொள்ளும் நம் பிள்ளைகட்கு, அந்நீர் ஒருகால் நீராடுதற்குரிய தூய நீராக ஓடிற்று என்பது வியப்பைத் தரும். சிதம்பரத்தில் கிழக்குக் கோபுரத் திருப்பணியில் அவர் ஈடுபட்டதையும், அக்கோபுரத்தில் அவர் உருவச் சிலை இருப்பதையும் அத்தலத்திற்குச் செல்லும் நம்மவர் அறிவர்.

அவர் தம் தமக்கையின் மகளாகிய அய்யாளம்மாளை மணந்தார். பின்னர் வேதாரணியத்தைச் சார்ந்த பழனியாயி என்பவரையும் மணந்தார். எனினும், தமக்குப் பின் பெயர் சொல்ல ஆண்மகவு இல்லை. மகனில்லாத செல்வர் வீட்டில் என்னென்ன பூசல்கள் விளையும் என்பதை நம்மிற் பலர் நேரிற் கண்டிருப்பர். அப்பூசல்களினின்றும் பச்சையப்பரின் இல்லமுந் தப்பவில்லை. உறவினரிடையே மன வேற்றுமையும், தமக்குப் பின் பொருள் யாரைச் சாரும் என்னும் ஐயமும் அவர் உயிரோடிருந்தபோதே தலைகாட்டின.

மரணசாசனம்

1794-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் உடல் நலங் குன்றியது. வயது 40 தான். ஆயினும், இனிப் பிழைத்தல் அரிது என்பதை உணர்ந்த அவர், கும்பகோணத்தில் இருந்தபோது, மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் தமது மரணசாசனத்தை எழுதுவித்தார். தம் செல்வத்தின் பெரும் பகுதியைக் காசி முதற் கன்னியாகுமரி வரையிலுள்ள தலங்களில் சமய தருமங்கள் நடத்துதற்கென்று அதில் ஒதுக்கினார். இளமையில் தம்மை ஆதரித்த நாராயண பிள்ளையிடமே அப்பொறுப்பினை ஒப்புவித்தார். பின்னர்த் திருவையாற்றை அடைந்து, காவிரிக் கரையில் உள்ள அத்தலத்தில், அம்மாதம் 31-ஆம் நாள் உயிர் நீத்தார்.

அக்காலத்தில் நம்மவர் மரணசாசனம் எழுதுதல் பெருவழக்கன்று. சொத்து மரபின்படி மக்களையோ பங்காளிகளையோ சென்றடையும். எவரும் எழுதி வைப்பதில்லை. பச்சையப்பர் ஆங்கிலேயரோடு பழகினமையால் அவர்தம் வழக்கத்தைக் கண்டு, தம் எண்ணத்தை எழுத்தில் நிறுத்தினார். அவ்வெழுத்து இல்லையாயின் அவர் செல்வம் உறவினர் கையிற் சிதறி, இரண்டு தலைமுறைக்குள் இருந்த இடந் தெரியாது மறைந்திருக்கும். இன்று அவர் பெயரை எவரும் அறியார். அச்சிறு ஏடே அவரை வாழ்வித்தது.

நாற்பதாண்டுத் தேக்கம்

எழுதி வைத்ததனாலேயே தருமம் நடந்து விடுமோ? நடந்திலது. அவர் மறைந்த பின், சொத்தின் உரிமையைக் குறித்து உறவினர் வழக்காடத் தொடங்கினர். பொறுப்பேற்றோர் கையிற் பொருள் இருந்தது. ஆனால் கருதிய தருமம் கருதியபடி நடவாதாயிற்று. வழக்கு ஆண்டுக்கணக்காக நீண்டது. கோயில்களில் ஏற்ற வேண்டிய விளக்குகள் ஏற்றப்படாது நின்றன. பச்சையப்பரை நேரில் அறிந்த தலைமுறை மறைந்து, அடுத்த தலைமுறை வந்தது.

அந்நாளில் சென்னையில் சுப்ரீம் கோர்ட்டு என்னும் நீதிமன்றம் 1801-ஆம் ஆண்டில் ஏற்பட்டிருந்தது. பொதுத் தருமங்கள் சீர்கெடும்போது அரசாங்கத்தின் சார்பில் அவற்றிற்காக வழக்காடும் பொறுப்பு அட்வகேட் ஜெனரல் என்னும் அதிகாரியைச் சார்ந்தது. அப்பதவியில் இருந்த சர் ஹெர்பர்ட்டு காம்ப்டன் இத்தருமத்தின் நிலையை நீதிமன்றத்தின் முன் கொணர்ந்தார். அவருக்குப் பின் அப்பதவியை ஏற்ற ஜார்ஜ் நார்ட்டன் அதனை விடாது நடத்தினார். முடிவில், 1832-ஆம் ஆண்டில் நீதிமன்றத்தார் பச்சையப்பரின் தருமத்தை நிலைநிறுத்தித் தீர்ப்பளித்தனர்.

இதற்கிடையே நிகழ்ந்த ஒரு வியப்பைக் காண்க. பச்சையப்பர் தருமத்திற்கென்று வைத்தது ஏறத்தாழ ஒரு லட்சம் வராகன். ஒரு வராகன் மூன்றரை ரூபாய் மதிப்புடையதாகக் கொள்ளப்பட்டது. செலவாகாது தேங்கிய தொகை வட்டியாற் பெருகிற்று. தருமம் நடவாத குறையே தருமத்தின் முதலை வளர்த்துவிட்டது. கணக்கைத் தீர்த்துப் பார்த்தபோது, சமய தருமங்கட்கு நாலரை லட்சம் ரூபாய் ஒதுக்கிய பின்னும் பொருள் எஞ்சியது.

எஞ்சிய பொருளை என் செய்வது? தருமத்திற்கென்று வைத்த பொருள் மிகுமாயின், வைத்தவர் கருத்திற்கு அணுகிய வேறொரு நற்செயலில் அதனைச் செலுத்தலாம் என்பது ஆங்கிலேயரின் நீதிமுறைகளுள் ஒன்று. அதன்படி, மிகுந்த பொருளை இந்து இளைஞரின் கல்விக்குச் செலவிடுதல் தக்கது என்று நார்ட்டன் முயன்றார்; நகரத்துப் பெரியோரும் உடன்பட்டனர். தருமத்தை மேற்பார்ப்பதற்கு நம் நாட்டவரே தருமகர்த்தர்களாக நியமிக்கப்பட்டனர். இவ்வாறு, தஞ்சையில் ஈட்டப்பட்டு, கும்பகோணத்தில் எழுதப்பட்டு, நீதிமன்றத்தில் நாற்பதாண்டு தேங்கிக் கிடந்த பொருள், சென்னைச் சிறுவர்களின் பலகைக்கும் புத்தகத்திற்கும் உரியதாயிற்று.

வித்தியாசாலையின் தோற்றம்

அக்காலத்துக் கல்வியின் நிலையைச் சிறிது நோக்குவோம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எழுத்தும் எண்சுவடியும் நீதிநூல்களும் கற்பிக்கப்பட்டன. ஆங்கிலமும் புதிய கலைகளும் கற்க விரும்புவோர் பாதிரிமார்களின் பள்ளிக்கூடங்களை நாட வேண்டியிருந்தது. 1837-ஆம் ஆண்டில் ஜான் ஆண்டர்சன் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் தொடங்கிய பள்ளிக்கூடம் அவற்றுள் பெயர் பெற்றது. அங்கே கல்வி சிறப்பாக நடந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பயில வந்த இளைஞர் சிலர் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியபோது, நகரத்து இந்துக் குடும்பங்களிற் பெருங்கலக்கம் விளைந்தது. 1841-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் ஓர் ஹைஸ்கூலை நிறுவினர். பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. அதில் மதபோதனை இல்லை. ஆயினும் கட்டணம் கொடுக்க வல்லோர்க்கே அது பயன்பட்டது. ஏழைச் சிறுவன் எங்கே செல்வான்?

அக்கேள்விக்கு விடையாக, 1842-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நாளில், கறுப்பர் பட்டணத்துப் பாப்பம்ஸ் பிராட்வே வீதியில் பச்சையப்பரின் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. ஏழை இந்துச் சிறுவர்கட்கு இலவசமாகக் கல்வி அளிப்பதே அதன் நோக்கம். பாதிரிமார்களின் பொருளாலும் அன்று, அரசாங்கத்தின் பொருளாலும் அன்று, நம் நாட்டார் ஒருவர் வைத்துச் சென்ற பொருளால், நம் நாட்டாரே மேற்பார்க்க நடந்த வித்தியாசாலை அது. இந்நாட்டில் அத்தகையவற்றுள் அது முற்பட்டதொன்று.

சில ஆண்டுகளில் அவ்விடம் போதாதாயிற்று. 1846-ஆம் ஆண்டில் சைனா பஜார் வீதியிற் புதிய மண்டபத்திற்கு நார்ட்டன் துரை அடிக்கல் நாட்டினார். 1850-ஆம் ஆண்டில், அப்போது கவர்னராயிருந்த சர் ஹென்றி பாட்டிஞ்சர் அதனைத் திறந்துவைத்தார். ஏதென்ஸ் நகரில் உள்ள பழைய கிரேக்கக் கோயில் ஒன்றைப் போல, உயர்ந்த தூண்களோடு அம்மண்டபம் அமைந்தது. சிவத்தலங்கட்கென்று பொருள் வைத்தவர் பெயரால் கிரேக்கக் கோயிலின் வடிவில் ஒரு கல்விக் கோயில் எழுந்தது. கடைவீதியின் இரைச்சலுக்கு நடுவே அத்தூண்களின் வரிசை இன்றும் நிற்கின்றது.

மாணவர் வாழ்க்கை

அம்மண்டபத்தின் படிகளில் ஏறிய சிறுவர்களை நாம் மனக்கண்ணாற் காண்போமாக. அவர்கள் பெருஞ்செல்வர் வீட்டுப் பிள்ளைகளல்லர். கடைக்கணக்கர் மக்கள், சிறு வணிகர் மக்கள், கைத்தொழிலாளர் மக்கள், வெளியூரினின்று வந்து உறவினர் வீட்டுத் திண்ணையில் உறங்கி எழுந்து வருவோர் ஆகிய இத்திறத்தினரே பலர். சுற்றிலும் மூட்டை சுமப்போரின் கூவலும் வண்டிகளின் ஓசையும். உள்ளே ஆங்கில இலக்கணமும் பூகோளமும் கணிதமும். காலையில் நெற்றியில் நீறணிந்து வீட்டில் தமிழ் பேசிவிட்டு வந்த சிறுவன், பகலில் மற்றொரு மொழியில் மற்றோர் உலகத்தைக் காண்பான். மாலையில் வீடு திரும்பித் தாய்க்கு அதனை எடுத்துரைக்கச் சொல் கிடையாது விழிப்பான். முன்னர்ப் பச்சையப்பர் தாமே செய்த துபாஷித் தொழிலை, இப்போது அவர் பெயர் கொண்ட பள்ளியின் சிறுவன் ஒவ்வொருவனும் தன் உள்ளத்திற் செய்ய வேண்டியவனானான்.

1857-ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டபின், மெட்ரிகுலேஷன் என்னும் பிரவேசப் பரீட்சை மாணவர் வாழ்வின் பெருங்கணவாய் ஆயிற்று. அதில் தேறினவன் அரசாங்க உத்தியோகத்தை நாடலாம்; தேறாதவன் மீண்டும் மீண்டும் முயலவேண்டும். ஒருவன் தேறினான் என்னுஞ் செய்தி வந்தால் ஒரு குடும்பமே நிமிர்ந்தது. பள்ளி வளர்ந்து, 1880-ஆம் ஆண்டில் இரண்டாந்தரக் கலாசாலையாகவும், 1889-ஆம் ஆண்டில் முதல்தரக் கலாசாலையாகவும் உயர்ந்தது. காஞ்சிபுரத்திலும் சிதம்பரத்திலும் பச்சையப்பரின் பெயரால் உயர்தரப் பள்ளிகள் நடைபெற்றன.

அக்கலாசாலையிற் பயின்று புகழ் பெற்றோரைப் பட்டியலிடப் புகின் ஏடு கொள்ளாது. ஈண்டு இருவரை மட்டும் குறிப்போம்.

1906-ஆம் ஆண்டில் கும்பகோணத்தினின்று ஓர் ஏழை இளைஞர் அங்கே எப்.ஏ. வகுப்பிற் சேர்ந்தார். அவர் பெயர் சீனிவாச இராமானுஜன். கணிதத்தில் அவர்க்கு ஒப்பார் இல்லை. மற்றைப் பாடங்களிலோ அவர் மனம் செல்லவில்லை. அங்கே கணிதம் கற்பித்த சிங்காரவேலு முதலியார் அவ்விளைஞரின் ஆற்றலை உணர்ந்து, கணிதப் பத்திரிகைகளில் வந்த அரிய வினாக்களை அவரோடு உடனிருந்து ஆராய்ந்து விடை காண்பார். ஆசிரியர், மாணவர் என்னும் வேற்றுமை அவ்விடத்தில் இல்லை. ஆயினும் நோய் வந்து இடையூறு செய்தது, இராமானுஜன் பரீட்சையில் தேறவில்லை, பட்டமின்றியே வெளிச்சென்றார். பின்னர் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, 1918-ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் அங்கத்தினராகி, 1920-ஆம் ஆண்டில் 32 வயதிலேயே மறைந்த அவருடைய புகழை உலகம் அறியும். தேறாத மாணவன் தாழ்ந்த மாணவனல்லன் என்பதை நம் பெற்றோர்கள் இதனால் அறிந்துகொள்வார்களாக.

மற்றவர், காஞ்சிபுரத்தில் நெசவுத் தொழில் புரியும் குடியில் 1909-ஆம் ஆண்டிற் பிறந்த சி. என். அண்ணாதுரை. அவர் அவ்வூர்ப் பச்சையப்பர் உயர்தரப் பள்ளியிற் பயின்றார். குடும்ப வறுமையால் இடையே நகராண்மைக் கழகத்தில் எழுத்தர் வேலையும் பார்த்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பர் கலாசாலையிற் சேர்ந்து உயர்தரப் பட்டங்கள் பெற்றார். 1967-ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதலமைச்சராகி, 1969-ஆம் ஆண்டிற் காலமானார். அவருடைய சமயக் கொள்கை பச்சையப்பருடைய கொள்கைக்கு முற்றும் மாறானது. எனினும், சிவனடியார் ஒருவரின் பொருள் அவர்க்கும் கல்வியளித்தது. கல்வித் தருமத்தின் இயல்பு அத்தகையது. விதைத்தவன் விருப்பப்படியே மரம் வளர்வதில்லை.

அடைபட்ட வாயில்

இதுகாறும் பெருமையையே கூறினோம். இனிக் கூறுவது பெருமையன்று. ஆயினும் கூறாது விடுதல் நம் பத்திரிகைக்கு அழகன்று.

அவ்வித்தியாசாலை ஏழைகட்கென்று தோன்றியதே எனினும், எல்லா ஏழைகட்கும் அதன் வாயில் திறந்திருந்ததில்லை. இந்துக்கட்கு மட்டுமே என்பது அதன் விதி. அவ்விந்துக்களுள்ளும் ஆதிதிராவிடச் சிறுவர்கட்கு அது நெடுங்காலம் அடைபட்டிருந்தது. அவர்களும் இந்துக்களே என்று கணக்கெடுக்கும்போது கூறியவர்கள், அவர்கள் வாயிலில் வந்து நின்றபோது வேறுவகையாகப் பேசினர். தந்தை முகமறியாது பிறர் ஆதரவிற் கற்ற பச்சையப்பரின் பொருளால் நடந்த பள்ளியில், ஆதரவே அற்ற பிள்ளைகட்கு இடமில்லாது போயிற்று. காலம் மாறியது, பலரும் வாதாடினர், முதலில் அவ்வேலி நீங்கிற்று. 1940-ஆம் ஆண்டில் கலாசாலை கடைவீதியின் நெருக்கத்தை விட்டுச் சேத்துப்பட்டில் பரந்த இடத்திற்குச் சென்றது. 1947-ஆம் ஆண்டில் சமய வேலியும் நீங்கி, எல்லாச் சமயத்தார்க்கும் அதன் வாயில் திறக்கப்பட்டது.

வாயில் திறந்ததனால் பச்சையப்பரின் பெயர் குறைந்ததா? இல்லை, முன்னினும் பன்மடங்கு பெருகிற்று. இதனை நாம் சிந்தித்தல் வேண்டும்.

நாம் அறியத்தக்கன

அன்பர்களே! பச்சையப்பர் முதலியார் என்னும் பட்டம் பூண்ட குடியினராதலின், அவரை நம்மவர் என்று சொல்லி மகிழ்கின்றோம். ஆண்டுவிழாக்களில் அவர் படத்திற்கு மாலை சூட்டுகின்றோம். அது தவறன்று. ஆனால் மாலையோடு நம் கடன் தீர்ந்து விடுமோ? அவர் வாழ்க்கை நமக்கு மூன்று செய்திகளை அறிவுறுத்துகின்றது.

முதலாவது, நன்மை செய்யக் கருதுவோர் அதனை எழுத்தில் நிறுத்துதல் வேண்டும். வாயாற் சொன்ன தருமம் வாயோடு போகும். நம் குடும்பங்களில் எத்தனை பெரியவர்கள் இன்ன பொருளை இன்ன பள்ளிக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்து, எழுதாது மறைந்தனர்! அவர் சொல்லை அவர் மக்கள் மறந்தனர்; மறவாதோரும் அறியாதார் போல இருந்தனர்.

இரண்டாவது, எழுத்து மட்டும் போதாது. கணக்குக் கேட்பார் வேண்டும். பச்சையப்பரின் பொருள் நாற்பதாண்டுகள் தேங்கியது பகைவரால் அன்று, அவர்க்கு வேண்டியவர்களாலேயே. அதனை மீட்டவர்களோ அவர்க்கு யாதோர் உறவும் இல்லாதவர்கள். நம் சங்கத்துக் கல்வி நிதியின் கணக்கு ஆண்டுதோறும் அச்சிடப்பட்டு அங்கத்தினர் ஒவ்வொருவர் கையிலும் வருதல் வேண்டும். கணக்குக் கேட்டல் அவமதிப்பென்று காரியதரிசிகள் கருதலாகாது; கேளாதிருத்தல் மரியாதையென்று அங்கத்தினரும் கருதலாகாது.

மூன்றாவதே எல்லாவற்றினும் அரியது. நம் பொருள் நம்மவர்க்கே என்னும் எண்ணம் இயல்பானது. சங்கம் அமைவதும் அதனாலேயே. நம் குலத்து ஏழை மாணவனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தல் நம் கடமையே. ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் ஏற்றிய விளக்கு, தெருவிற் செல்வோர்க்கும் வழி காட்டாது போமோ? பச்சையப்பர் பெயர் அவர் குலத்தாரிடையே மட்டும் நின்றிருப்பின் ஒரு குலத்தின் பழங்கதையாய் முடிந்திருக்கும். கும்பகோணத்து அந்தண இளைஞரும், காஞ்சிபுரத்து நெசவாளர் மகனும், முன்னர் வாயிலில் தடுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகளும் அங்கே கற்றமையாலேயே அது நாட்டின் வரலாறாயிற்று.

ஆதலின், நம் சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு பகுதி, சிறிதாயினும், குலம் வினவாது வறுமையையும் முயற்சியையும் மட்டும் நோக்கி வழங்கப்படுமாறு அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆராயவேண்டும் என்று அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கின்றோம். இதற்கு மாறான கருத்துடையோர் நம்மிற் பலர் உளர் என்பதை அறிவோம். அவர்களோடு வாதம் புரிதல் எம் கருத்தன்று. அவர்கள் ஒருமுறை தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சைனா பஜாரில் உள்ள அப்பழைய மண்டபத்தின் முன்னே சென்று நிற்பார்களாக. அத்தூண்களின் கீழ் எத்தனை சிறுவர்கள் ஏறிச் சென்றனர், எத்தனை சிறுவர்கள் ஏற இயலாது நின்றனர் என்னும் இரண்டையும் தம் பிள்ளைகட்குச் சொல்வார்களாக. அதன் பின்னர் அவர்கள் மனம் எதனை அறமென்று கூறுகின்றதோ அதனையே பொதுக்கூட்டத்தில் வந்து கூறட்டும்.

பச்சையப்பர் வைத்த பொருள் அழியாது நின்றது போல, நம் சிறு நிதியும் வளர்க. அதனாற் கற்போர் பெருகுக.